தாழ்வாரத்துக் கறிவேப்பிலை சோர்ந்தால்: அறிகுறி பார்த்துக் கைவைத்தியம்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் தமிழர் வீடு எது என்று கண்டுபிடிக்கக் கதவில் மாவிலைத் தோரணம் தேட வேண்டியதில்லை. தாழ்வாரத்தில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும். எங்கள் புளோக்கில் மட்டும் பதினொரு தொட்டி. அதில் எப்போது பார்த்தாலும் ஐந்தாறு நோஞ்சானாகத்தான் நிற்கும். "செடிக்கு என்னமோ ஆயிடுச்சு, ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்" என்று மின்தூக்கியில் பிடித்துக் கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் இதை எழுதி வைத்தேன். நான் தோட்டக்கலை படித்தவனில்லை. சொந்தச் செடி நான்கைக் கொன்றபின் கற்றுக்கொண்டது இது.

நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டுக்காரர் எதையாவது ஊற்றியிருப்பார். மோர், அரிசி கழுவிய தண்ணீர், முட்டை ஓடு, டீத்தூள். ஒரு அக்கா வீட்டுத் தொட்டியில் நான்கும் இருந்தன, மேலே ஒரு வாழைப்பழத் தோலும் கிடந்தது. செடிக்கு வேண்டியிருந்ததோ வெயில். ஆகவே எதையும் ஊற்றும் முன் இந்த மூன்றையும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் செருகுங்கள். ஈரமா, உலர்ந்ததா? அடுத்து, தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து எடை பாருங்கள். கனத்தால் உள்ளே நீர் நிற்கிறது. கடைசியாக, இலைமேல் நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு விடுமுறை நாளில் கணக்கெடுங்கள். வெளிச்சம் வேறு, வெயில் வேறு. ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்தால் கீழே உள்ள வைத்தியங்களில் பாதி பலிக்காது.

இலை மஞ்சளாகிறது

"மஞ்சளாகிறது" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த இலை, எப்படி மஞ்சள் என்று கிட்டப் போய்ப் பாருங்கள்.

அடியில் இருக்கும் பழைய இலை நாலைந்து மட்டும்: வயதான இலை, உதிரட்டும். ஒன்றும் செய்ய வேண்டாம். அதுவே செடி முழுக்க வெளிறி, அடியிலிருந்து மேலே மஞ்சள் ஏறினால் பசி. வேப்பம் பிண்ணாக்கு ஒரு கைப்பிடியையும் மக்கிய உரம் இரண்டு கைப்பிடியையும் மேல்மண்ணில் கிளறிவிட்டு நீர் விடுங்கள். மாதம் ஒரு முறை போதும். மீன் உரமும் நல்லதுதான், ஆனால் தாழ்வாரத்தில் வேண்டாம். அந்த மணம் மூன்று வீடு தாண்டிப் போகும், நகர மன்றத்துக்குப் புகாரும் போகும்.

புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை: இரும்புச் சத்து ஏறவில்லை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், மண் காரமாகிவிட்டதால் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. முட்டை ஓடு போட்டுக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அது சுண்ணாம்பு, காரத்தைக் கூட்டும். பாட்டி சொன்ன புளித்த மோருக்கு உரிய இடம் இதுதான். ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. மோரில் உப்பு இருக்கவே கூடாது. தாளித்த மோரை ஊற்றிவிட்டு, "அதே மோர்தானே" என்று கேட்டவர் உண்டு. உப்பு வேரைக் கருக்கிவிடும். ஆறு வாரத்தில் புதுத் துளிர் பச்சையாக வரவில்லை என்றால் நாற்றுப் பண்ணையில் 'செலேட் இரும்பு' என்று கேட்டு வாங்கி, பொட்டலத்தில் உள்ள அளவில் கரைத்து ஊற்றுங்கள். துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதில் பயனில்லை. துரு தண்ணீரில் கரையாது, செடிக்கு எட்டாது.

பழைய இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள் திட்டு: மக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் நீரில் கரைத்து மாதம் ஒரு முறை. மருந்துக்கடையிலேயே கிடைக்கும். சமையல் உப்பையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மேல் கீழ் எல்லா இலையும் மஞ்சள், தொட்டாலே உதிர்கிறது: நான் பார்த்த தொட்டிகளில் மிகவும் சாதாரணமானது இது. தண்ணீர் குறைவு என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். விரல் ஈரமாக வந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டை எடுத்துவிடுங்கள். ஒரு சாத்தே குச்சியால் அடித்துளையைக் குத்திப் பாருங்கள். பாதித் தொட்டிகளில் அடைத்த துளைதான் காரணம், செலவே இல்லை. ஒரு வாரம் நீர் விடாமல் விடுங்கள்.

அப்புறமும் உதிர்ந்தால் மண்ணை முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண்ணின் வாசனை என்றால் பொறுத்திருக்கலாம். புளித்த வாடை, சாக்கடை வாடை என்றால் செடியை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக, இரண்டு விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு, புது மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, பெர்லைட் (நீர் தேங்காமல் வடிய மண்ணில் கலக்கும் வெள்ளைத் துகள்) அல்லது பருமணல் ஒரு பங்கு கலந்து நடுங்கள். வேர் குறைந்த அளவுக்குத் தலையையும் மூன்றில் ஒரு பங்கு வெட்ட வேண்டும்; பிறகு ஒரு வாரம் நிழல். வேரில் முக்கால்வாசி அழுகியிருந்தால் நான் மெனக்கெடுவதில்லை. சுவா சூ காங் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் புதுக் கன்று வாங்கினால், மூட்டை மண்ணை விட மலிவாகவே முடியும்.

மஞ்சளே ஆகாமல், நுனி கருகி இலை அப்பளமாய் நொறுங்கினால் இது தலைகீழ் கதை: மண் காய்ந்து சுருங்கி, தொட்டி ஓரத்தில் இடைவெளி விழுந்திருக்கும். ஊற்றும் நீர் ஓரமாகவே ஓடி வெளியேறும், தட்டு நிறையும், வேர் நனையாது. ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியை இருபது நிமிடம் இறக்கி வையுங்கள். குமிழி நின்றதும் எடுத்துவிடலாம். கொசு முட்டையிடாமலிருக்க வாளியைக் கவிழ்த்து வைக்க மறக்காதீர்கள்.

துளிர் சுருண்டிருக்கிறது, வெள்ளை நூல் தெரிகிறது

பழைய இலை நன்றாக இருக்கும், புதுத் துளிர் மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். உற்றுப் பார்த்தால் மெழுகு நூல் போல வெள்ளையாக ஏதோ சுருண்டு கிடக்கும். இது சைலிட் என்னும் சாறு உறிஞ்சிப் பூச்சி. வளர்ந்த பூச்சி மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும், அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். முட்டையிடுவது இளந்துளிரில் மட்டுமே. நமக்குச் சாதகமான விஷயம் அதுதான்.

செலவில்லாத வழி முதலில். சுருண்ட நுனிகளை எல்லாம் கத்தரித்து, பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் போடுங்கள். தாழ்வாரத்தில் உதறாதீர்கள். பிறகு செடியைக் குளியலறைக்குத் தூக்குங்கள். மண் கொட்டாமலிருக்கத் தொட்டியின் வாயைப் பையால் சுற்றிக் கட்டுங்கள் (2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் குறைந்தது 5 காசு கொடுத்து வாங்கும் பைக்கு இப்படி ஒரு மறுவாழ்வு). செடியைச் சாய்த்து, இலையின் அடிப்பக்கத்தில் ஷவரைப் பீய்ச்சுங்கள். பாதிப் பூச்சி அதிலேயே போய்விடும்.

அடுத்தது வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீர், ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாகப் பாத்திரம் கழுவும் திரவம். திரவத்தை முதலில் எண்ணெயில் குழைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்த்தால்தான் கலக்கும். மாற்றிச் செய்தால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசியில் ஒரே கிளையில் போய் விழும். மாலையில் அடியுங்கள், வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். ஒரு தடவை போதாது. முட்டையிலிருந்து வருவது மறுபடி கிளம்பும். வாரம் ஒன்றாக மூன்று வாரம். அடிப்பதற்கு முன் சாம்பாருக்கு வேண்டிய இலையைப் பறித்து உறைபெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக அடித்த பின் ஒரு வாரம் பறிக்க வேண்டாம், பறித்ததையும் நன்றாகக் கழுவுங்கள்.

மூன்று வாரம் கழித்தும் திரும்பி வருகிறதா? உங்கள் செடியை விட்டுவிட்டுத் தாழ்வாரத்தை நோட்டம் விடுங்கள். சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய எலுமிச்சை வகைத் தொட்டிகளை அக்கம்பக்கத்தார் பலர் அப்படியே வைத்திருப்பார்கள். அதுவும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம்; இந்தப் பூச்சிக்கு இரண்டும் விருந்து. எலுமிச்சை வகைக்கு இது ஒரு கொடிய நோயையும் பரப்பும். ஆக உங்கள் செடியில் பூச்சியை வைத்துக்கொண்டிருப்பது அந்த அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் தீங்கு. எங்கள் மாடியில் ஒரு சீன அங்கிளின் கலமன்சி எலுமிச்சைக்கும் என் செடிக்கும் ஒரே மாலையில் ஒரே புட்டியில் அடித்தோம். அதற்கு முன் நான் மட்டும் நாலு மாதம் தனியாக அடித்துக்கொண்டிருந்தேன்.

இலையில் கறுப்புப் பொடி, பிசுபிசுப்பு, எறும்பு வரிசை

கறுப்புப் பொடியை ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். அது நோயில்லை; சாறு உறிஞ்சும் பூச்சி விடும் இனிப்புக் கழிவில் படர்ந்த பூஞ்சை. துடைத்துவிட்டு விட்டால் மறுவாரம் திரும்பும். எறும்பைப் பின்தொடருங்கள், அது உங்களை நேரே குற்றவாளியிடம் கூட்டிப் போகும். இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் பஞ்சுத் துணுக்கு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. தண்டில் பழுப்புப் பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்து, நகத்தால் நெம்பினால் பெயர்ந்தால் செதில் பூச்சி.

பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடுங்கள். செதில் பூச்சியின் ஓட்டுக்கு மேல் எதை அடித்தாலும் இறங்காது, தேய்த்தால்தான் போகும். அப்புறம் மேலே சொன்ன வேப்பெண்ணெய். மஞ்சள்தூளைத் தூவினால் எறும்பு சுற்றிக்கொண்டு போகுமே தவிர நிற்காது. செடி சுவரையோ கம்பியையோ தொடாமல் நகர்த்தி வைப்பதே மேல். பாலம் இல்லையென்றால் எறும்பு குறையும்.

எறும்பு சுவர் விரிசலிலிருந்தோ தாழ்வாரத்து மின்பெட்டிப் பக்கத்திலிருந்தோ வந்தால் நீங்கள் கைவைக்க வேண்டாம், நகர மன்றத்துக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குள் சுவரிலிருந்தே சாரை சாரையாக வந்தால் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தைக் கூப்பிடும் நேரம் அது. செடியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இலையை ஏதோ கடித்திருக்கிறது

காலையில் இருந்த இலை மாலையில் காம்பு மட்டும். தேடினால் இலைமேல் பறவை எச்சம் போல ஒரு கறுப்பு வெள்ளைத் துணுக்கு. தொட்டுப் பாருங்கள், நகரும். சில நாளில் அதுவே பச்சைப் புழுவாகும். சீண்டினால் தலைக்குப் பின்னால் செக்கச் சிவந்த இரண்டு கொம்பை நீட்டும், காட்டமான ஒரு வாடையும் வரும். கடிக்காது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அல்லது அதன் சொந்தக்காரப் பூச்சியின் புழு.

இதற்கு மருந்து அடிக்காதீர்கள். கையால் எடுத்தால் போதும். செடி பெரிதாக இருந்தால் ஒரு கிளையைத் தானமாக விட்டுவிடலாம். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்காக இரண்டு புழுவை விட்டுவைத்தோம், ரசத்துக்குத் தேக்கா சந்தையில் கட்டு வாங்கிக்கொண்டோம். ஒரு முழத்துக்கும் குறைவான கன்று என்றால் தயவு பார்க்க வேண்டாம், ஒரே புழு மொட்டையடித்துவிடும். கீழ்த்தளப் பக்கம் உள்ள சமூகத் தோட்டத்தில் பெரிய கறிவேப்பிலை மரம் இருந்தால், தோட்டக்காரர்களிடம் கேட்டுவிட்டு அங்கே கொண்டுபோய் விடலாம்.

ஒற்றைக் குச்சியாக நிற்கிறது, அல்லது வளரவே இல்லை

முதலில் கத்தரிக்கோல். இலை இலையாக உருவிப் பறித்தால் செடி உயரத்தான் போகும். முழுக் கிளையாக, கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அங்கிருந்து இரண்டு மூன்று கிளை பிரியும். மூன்று அடிக் குச்சியை ஒன்றரை அடியில் வெட்டச் சொன்னால் எல்லோரும் தயங்குகிறார்கள். வேர் நன்றாக இருந்தால் தயக்கம் வேண்டாம்.

வெட்டியும் துளிர்க்கவில்லை என்றால், எந்த மாதம் என்று பாருங்கள். இது எனக்குப் பிடிபடவே மூன்று வருடம் ஆனது. என் செடி ஆண்டுதோறும் அக்டோபரில் தூங்கிவிடும், ஏப்ரலில் விழிக்கும். உரத்தை மாற்றினேன், மண்ணை மாற்றினேன், திருஷ்டி என்றுகூடச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் என் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூட மேலே இல்லை. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகும், மீதி ஆறு மாதம் தெற்கே. வடக்குத் தாழ்வாரத்துக்கு வெயில் முதல் பாதியில், தெற்குத் தாழ்வாரத்துக்கு இரண்டாம் பாதியில். டிசம்பர் மழை இருட்டு அதன்மேல் வேறு. கிழக்கு, மேற்கு பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே வெயில் இல்லாத பாதியில் நீரைக் குறையுங்கள், உரம் போடாதீர்கள், பெரிதாக வெட்டாதீர்கள். அல்லது தொட்டியை எதிர்ப்பக்கச் சன்னலுக்கு மாற்றுங்கள். வெயிலை எட்டிப் பிடிக்கிறேன் என்று தாழ்வாரக் கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டியை ஏற்றுவது மட்டும் கூடவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் தொட்டி ஆளைக் கொல்லும். தரையில் வைக்கும்போதும் நடக்கும் வழி 1.2 மீட்டர் அகலம் விட்டிருக்க வேண்டும். தீ என்றால் ஓட வேண்டிய வழி அது.

வெயிலும் இருக்கிறது, வெட்டியும் ஆயிற்று, இன்னும் அப்படியே நிற்கிறது என்றால் தொட்டி சிறிது. அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கும். ஒரு அடி விட்டமுள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். இதற்கும் மேலே செலவு என்றால் செடி விளக்கு. கறிவேப்பிலைக்காக மின்கட்டணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை. புளோக்கடியில் சமூகத் தோட்டம் இருந்தால் செடியை அங்கே கொடுத்துவிட்டு, வேண்டும்போது ஒரு கிளை கேட்டு வாங்கிக்கொள்வேன். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் இந்தத் தோட்டங்களுக்கான திட்டத்தைத் தொடங்கியது. அங்கே காலையில் மண் கிளறிக்கொண்டிருக்கும் பெரியவர்களைவிட நல்ல மருத்துவர் செடிக்குக் கிடைக்கமாட்டார்.

தட்டில் ஏதோ நெளிகிறது

இதற்கு நாளை என்று தள்ளிப்போட இடமில்லை. அது ஏடிஸ் கொசுவின் புழுவாக இருக்கலாம். முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். 2020இல் மட்டும் இங்கே 35,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்தது. வீட்டில் கொசுப் புழு அகப்பட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அபராதம் முதல் தடவையே 200 வெள்ளி.

தட்டுத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் காய்ந்த தரையிலோ மண்ணிலோ கொட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் புழு செத்துவிடும். தட்டின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பிறகு தட்டே வேண்டாம். நீர் விடும்போது மட்டும் வைத்து, வடிந்ததும் எடுத்துவிடுங்கள். மேல்மண் கெட்டியாகிக் குழி விழுந்திருந்தால் அங்கேயும் தண்ணீர் தேங்கும், கொத்திவிடுங்கள். வேப்பெண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும் என்று சொல்வார்கள். நான் அதை நம்பி உட்கார மாட்டேன். எல்லாம் காய்ந்த பிறகும் வீட்டில் கொசு குறையவில்லை என்றால் உற்பத்தி வேறெங்கோ நடக்கிறது, வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.

மண்ணைத் தொட்டால் சிறு கறுப்பு ஈ கிளம்புகிறது

அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் ஊற்றுபவர்கள் வீட்டிலும், டீத்தூளை மேலே கொட்டி வைப்பவர்கள் வீட்டிலும்தான் இது அதிகம். அரிசித் தண்ணீர் வாரம் ஒரு முறை போதும், கழுவிய அன்றே ஊற்றிவிட வேண்டும். டீத்தூளை வழித்து எடுத்துவிட்டு, மேல்மண் காயும்வரை நீரை நிறுத்தி, ஒரு விரற்கடை மணல் பரப்புங்கள். இரண்டு வாரத்தில் போய்விடும்.

ஒரு இலைகூட இல்லை, செத்துவிட்டதா?

தண்டின் நுனிப் பக்கம் நகத்தால் லேசாகக் கீறுங்கள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி கீறுங்கள். பச்சை எங்கே வருகிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, விரல் காய்ந்து வந்தால் மட்டும் நீர் விடுங்கள். உரம், மோர் ஒன்றும் வேண்டாம்.

அடிவரைக்கும் பழுப்பாக இருந்தாலும் நான் ஆறு வாரம் தொட்டியைக் கொட்டுவதில்லை. கறிவேப்பிலை வேரிலிருந்து பக்கக்கன்று விடும். எங்கள் மாடியில் ஒருவர் செத்த குச்சி என்று அதன்மேல் கைத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தொட்டியின் ஓரத்தில், குச்சியிலிருந்து நாலு விரல் தள்ளி, சிவப்புக் காம்போடு இரண்டு கன்று கிளம்பின. துணியை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.